தம்பிக்கு 17, அண்ணனுக்கு 19: வீடில்லாத இளையோரைச் சட்டம் எப்படிப் பார்க்கிறது?

ஏற்காடு எக்ஸ்பிரஸ் விடிவதற்கு முன்பே சென்னை சென்ட்ரலுக்கு வந்துவிடும். சேலத்தில் ஏறிய இரண்டு பேர் அதிலிருந்து இறங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அண்ணனுக்கு 19 வயது, தம்பிக்கு 17. அம்மா இறந்து மூன்று வருடம் ஆகிறது. அப்பா குடித்துவிட்டு வந்து அடிக்காத நாள் குறைவு. முந்தின நாள் சாயங்காலம் நடந்ததற்கு அப்புறம், இனி அந்த வாசலை மிதிப்பதில்லை என்று கிளம்பிவிட்டார்கள். ஒரு பள்ளிக்கூடப் பை, ஒரு போன், இருவருக்கும் சேர்த்து அறுநூறு ரூபாய்.

ஒரே வீட்டில் வளர்ந்து, ஒரே ஆளிடம் அடி வாங்கி, ஒரே ரயிலில் வந்தவர்கள். ஆனால் பிளாட்பாரத்தில் கால் வைத்ததுமே சட்டத்துக்கு இவர்கள் வெவ்வேறு ஆட்கள். தம்பி, ‘பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை’. அண்ணன் வெறும் பயணி. ரயிலை விட்டு இறங்கிய பிறகு கொஞ்ச நேரத்தில் அதுவும் இல்லை.

வீடில்லாத இளையோருக்கு நம் நாட்டில், நம் மாநிலத்தில் என்ன சட்டம் இருக்கிறது என்று யாராவது கேட்டால் இந்த இருவரை வைத்துத்தான் நான் விளக்குவேன். இப்படி விளக்கினால் சட்டம் எதுவரை கூட வருகிறது, எந்த இடத்தில் கையை விடுகிறது என்பது சட்டென்று புரிந்துவிடும்.

முதலில் ஒரு சங்கடத்தைச் சொல்லிவிட வேண்டும். 2014ஆம் ஆண்டின் தேசிய இளைஞர் கொள்கைப்படி 15 முதல் 29 வயது வரை உள்ளவர்கள் இளைஞர்கள். குழந்தைகளுக்கான சட்டமோ 18 வயது நிறையும் நாளோடு முடிந்துவிடுகிறது. ‘வீடில்லாத இளைஞர்’ என்று ஒருவரைப் பெயர் சொல்லி அழைத்து, இது உன் உரிமை என்று சொல்லும் தனிச் சட்டம் இந்தியாவில் கிடையாது. ஒரு பக்கம் குழந்தைகள் சட்டம், இன்னொரு பக்கம் நகர்ப்புறத்தில் வீடில்லாதவர்களுக்கான காப்பகத் திட்டம். இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்கள் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நிற்கிறார்கள்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீடில்லாதவர்களைப் பிப்ரவரி 28 இரவு தனியாகப் போய் எண்ணினார்கள். பாலத்தடி, கோயில் மண்டபம், ரயில் நிலையம், நடைபாதை என்று தேடி எண்ணியதில் நாடு முழுக்கச் சுமார் 17.7 லட்சம் பேர் வந்தார்கள். இதை முழுக் கணக்கு என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். இரவில் வேலை பார்க்கிற பையன், நண்பனின் அறையில் நாலு நாள் ஒண்டியிருக்கிறவன், ஹோட்டல் சமையலறை மூலையில் படுத்துக்கொள்கிறவன் எல்லாம் இப்படிப்பட்ட எண்ணிக்கையில் அகப்படுவது கடினம். இளையோர் வீடில்லாமல் இருப்பது பெரும்பாலும் இந்த மாதிரிதான்.

தம்பியின் பாதை

தம்பியைக் காப்பாற்ற வருவது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். 2016 ஜனவரி 15 முதல் நடைமுறையில் இருக்கிறது. பெயரில் இளைஞர் என்று இருந்தாலும் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களைப் பற்றியதுதான். தங்க இடமில்லாமல், பிழைக்க வழியில்லாமல் இருக்கும் பிள்ளை, தெருவில் வாழும் பிள்ளை, பிச்சையெடுக்கும் பிள்ளை, ஓடிவந்த பிள்ளை, இவர்கள் எல்லாருமே பாதுகாப்பு தேவைப்படுகிறவர்கள் என்று அது வரையறுக்கிறது. இவர்கள் மேல் எந்தக் குற்றமும் இல்லை. வீட்டை விட்டு வந்தது குற்றமே இல்லை. பல பிள்ளைகளுக்கு இது தெரிவதில்லை. காக்கிச் சட்டையைப் பார்த்ததும் ஓடுவது அதனால்தான்.

பெரிய ரயில் நிலையங்களில் குழந்தைகளுக்கான உதவி மையங்கள் இருக்கின்றன. ரயில்வே பாதுகாப்புப் படைக்கும் இதற்கென்று தனி நடைமுறை வகுத்திருக்கிறார்கள். தனியாக நிற்கும் பிள்ளையைப் பார்த்துப் பேசுவதும், உரியவர்களிடம் ஒப்படைப்பதும் அவர்கள் கடமை. தம்பி அவர்கள் கண்ணில் பட்டால், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் அவனைக் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும்.

மாவட்டத்துக்கு ஒரு குழுவாவது இருந்தாக வேண்டும் என்பது சட்டம். ஒரு தலைவர், நான்கு உறுப்பினர்கள். அதில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். மாதத்தில் குறைந்தது 20 நாள் கூட வேண்டும். குழு கூடாத நேரத்தில் பிள்ளை வந்து சேர்ந்தால், உறுப்பினர் ஒருவர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாலும் போதும். குழுவுக்கு நீதித்துறை நடுவருக்கு நிகரான அதிகாரம் உண்டு. அதற்காகக் கோர்ட்டு மாதிரி கூண்டு, உயரமான மேடை எதுவும் கிடையாது.

அப்படி ஒரு குழுவின் அறைக்கு வெளியே ஒரு வேலையாக நான் காத்திருந்த ஒரு காலையில் பக்கத்து பெஞ்சில் ஓர் அப்பா இருந்தார். சட்டைப் பொத்தானை ஒன்று மாற்றிப் போட்டிருந்தார். பிளாஸ்டிக் உறைக்குள் ரேஷன் கார்டு, ஆதார், பையனின் மார்க் ஷீட். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு விடியற்காலை பஸ்ஸில் வந்திருக்கிறார். பையன் அதே பெஞ்சின் இன்னொரு கோடியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். உள்ளே கூப்பிட்டபோது கதவு மூடுவதற்குள் என் காதில் விழுந்த முதல் கேள்வி, “சாப்பிட்டியாப்பா?” என்பதுதான். சட்டப் புத்தகத்தில் இந்தக் கேள்வி இல்லை. ஆனால் இந்தச் சட்டத்தைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் ஞாபகம் வருகிறது.

சரி, தம்பிக்கு வருவோம். அவன் வயது 17 என்று குழுவுக்கு எப்படித் தெரியும்? பள்ளிச் சான்றிதழ் இருந்தால் அது. இல்லையென்றால் மாநகராட்சியோ ஊராட்சியோ கொடுத்த பிறப்புச் சான்றிதழ். இரண்டும் இல்லையென்றால்தான் எலும்பு வளர்ச்சியைப் பார்க்கும் மருத்துவப் பரிசோதனை. வேலை கிடைக்கும் என்று வயதைக் கூட்டிச் சொல்லிப் பழகிய பிள்ளைகள் இங்கே வந்தும் 19, 20 என்று சொல்லிவிடுவதுண்டு. அந்த ஒரு பொய் எத்தனை கதவுகளைச் சாத்தும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

குழு முதலில் அவனுக்குத் தற்காலிகமாகத் தங்க ஓர் இடம் ஏற்பாடு செய்யும். அது திறந்தவெளிப் புகலிடமாக இருக்கலாம். அதாவது தெருவில் இருக்கும் பிள்ளைகள் குறுகிய காலம் வந்து தங்கிப் போகும் இடம். பூட்டுப் போட்ட ஹாஸ்டல் மாதிரி இருக்கக் கூடாது என்பதுதான் அதன் பின்னால் உள்ள எண்ணம். அல்லது குழந்தைகள் இல்லமாக இருக்கலாம். அதற்குள் ஒரு சமூகப் பணியாளர் அவன் வீட்டுக்குப் போய் விசாரித்து 15 நாளில் அறிக்கை தர வேண்டும். குழு நான்கு மாதத்துக்குள் இறுதி உத்தரவு போட ஏதுவாகத்தான் இந்தக் கெடு. ஊர் வேறு மாவட்டம் என்றால் வழக்கை அந்த மாவட்டக் குழுவுக்கு மாற்றவும் வழி உண்டு.

எப்படியாவது வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும் என்பது முதல் நோக்கம். இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழி. சட்டமே அப்படித்தான் சொல்கிறது. இது நல்ல கொள்கை. பிள்ளை வளர வேண்டிய இடம் குடும்பம்தான், கட்டடம் இல்லை. ஆனால் அடிக்கும் வீட்டுக்கே திருப்பி அனுப்பினால் அடுத்த மாதம் அதே பையன் அதே பிளாட்பாரத்தில் நிற்பான். அதனால்தான் பிள்ளை என்ன சொல்கிறான் என்று கேட்பதையும் சட்டம் ஒரு கோட்பாடாகவே வைத்திருக்கிறது. வீடு பாதுகாப்பில்லை என்று தெரிந்தால் 18 வயது வரை இல்லத்தில் இருக்க வைக்கலாம், வளர்ப்புக் குடும்பத்திடம் விடலாம்.

வறுமைதான் காரணம் என்றால் இன்னொரு வழி இருக்கிறது. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் பிள்ளையைக் குடும்பத்தோடே வைத்திருக்க மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத் தொகை தருகிறார்கள். குடும்ப வருமானம் கிராமத்தில் ஆண்டுக்கு 72,000 ரூபாய்க்குள்ளும் மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்குள்ளும் இருக்க வேண்டும். தமிழ்நாடு அரசு 2025 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டமும் இதே வகைதான். பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க முடியாத நிலையில் உள்ள பிள்ளைகளுக்கும் 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய். ரயிலேறிய பிறகு தேடிப் பிடிப்பதைவிட, ஏற வேண்டிய தேவையே வராமல் பார்த்துக்கொள்வது எவ்வளவோ மேல். வீடின்மைக்கான திட்டம் என்று இவற்றை யாரும் சொல்வதில்லை. நான் அப்படித்தான் சொல்வேன்.

மாநிலத்துக்கு என்ன வேலை?

இளைஞர் நீதிச் சட்டம் நாடாளுமன்றம் இயற்றியது. அப்புறம் மாநில அரசு என்ன செய்கிறது என்று கேட்கலாம். உண்மையில் சட்டத்தைத் தரையில் இறக்குவது முழுக்க மாநிலம்தான். விதிகளை வகுப்பது, குழு உறுப்பினர்களை நியமிப்பது, இல்லங்களைப் பதிவு செய்வது, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுகளுக்கு ஆள் போடுவது எல்லாம் மாநிலத்தின் பொறுப்பு. தமிழ்நாடு தன் விதிகளை 2017இல் கொண்டுவந்தது. முன்பு சமூகப் பாதுகாப்புத் துறை என்றிருந்து, இப்போது குழந்தைகள் நலன் மற்றும் சிறப்பு சேவைகள் துறை என்று பெயர் மாறியிருக்கும் துறைதான் இதைப் பார்த்துக்கொள்கிறது.

இந்த விஷயத்தில் நமக்கு நீண்ட வரலாறும் உண்டு. நாட்டிலேயே முதன்முதலாகச் சிறுவர்களுக்கென்று தனிச் சட்டம் போட்டது சென்னை மாகாணம், 1920இல். வங்காளமும் பம்பாயும் அதற்குப் பிறகுதான் வந்தன. அதே மாகாணம் 1945இல் பிச்சையெடுப்பதைத் தடுக்கும் சட்டத்தையும் கொண்டுவந்தது. திக்கற்ற பிள்ளையைப் பார்த்து இரங்கும் சட்டம் ஒன்று, திக்கற்ற பெரியவரைப் பார்த்து முகம் சுளிக்கும் சட்டம் ஒன்று. இரண்டும் இந்த மண்ணில்தான் பிறந்தன. நம் அண்ணன் தம்பி கதையும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஓடுகிறது.

அண்ணனின் பாதை

தம்பியை உதவி மையத்துக்கு அழைத்துப் போகிறார்கள். “அண்ணா, நீயும் வா” என்கிறான். அண்ணனும் கூடப் போகலாம், வாக்குமூலம் கொடுக்கலாம். ஆனால் அவன் தங்குவதற்கு அங்கே இடமில்லை. பிளாட்பாரம் டிக்கெட் எடுத்தாலும் இரண்டு மணி நேரம்தான். அதற்கு மேல் காரணமில்லாமல் ரயில்வே இடத்தில் படுத்திருந்தால் அத்துமீறல் என்று வழக்குப் போட ரயில்வே சட்டம் இடம் கொடுக்கிறது.

வெளியே வந்தால் அவனுக்கு இருப்பது நகர்ப்புற வீடற்றோர் காப்பகம். இதற்குப் பின்னால் ஒரு குளிர்கால இரவு இருக்கிறது. 2009 டிசம்பரில் டெல்லியில் வீடில்லாதவர்கள் தங்கியிருந்த ஒரு தற்காலிகக் காப்பகத்தை மாநகராட்சி இடித்தது. அது உணவு உரிமை வழக்கு வழியாக உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2010இல் நீதிமன்றம் மற்ற நகரங்களையும் பார்த்து, ஒரு லட்சம் பேருக்கு ஒரு காப்பகமாவது வேண்டும், அது 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று சொன்னது. 2013இல் வந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் அதைத் திட்டமாக்கியது. ஒரு காப்பகத்தில் 50 முதல் 100 பேர், ஆளுக்குக் குறைந்தது 50 சதுர அடி. சென்னையில் மாநகராட்சி, தொண்டு நிறுவனங்களோடு சேர்ந்து நாற்பதுக்கும் மேற்பட்ட காப்பகங்களை நடத்திவருகிறது. பெண்கள், ஆண்கள், முதியோர், மனநலம் பாதிக்கப்பட்டவர்கள், மருத்துவமனைகளில் நோயாளியோடு வந்தவர்கள் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். இது சின்ன வேலை இல்லை, பாராட்ட வேண்டியது.

ஆனால் 19 வயதுப் பையனுக்கென்று அங்கே ஒன்றும் இல்லை. அவன் போய்ச் சேர்வது ஆண்கள் காப்பகம். வாசலில் நோட்டில் பெயர் எழுதுவார்கள், பாய் தருவார்கள், ஒரு டிரங்குப் பெட்டி கிடைத்தால் அதிர்ஷ்டம். பக்கத்தில் படுத்திருப்பவர் அறுபது வயதுத் தொழிலாளியாக இருப்பார். சார்ஜர் பாயின்ட்டுக்கு வரிசை. அப்படி ஒரு காப்பகத்தில் ஒரு பையனைப் பார்த்திருக்கிறேன். பத்தாம் வகுப்புச் சான்றிதழை சட்டைக்குள் வயிற்றோடு வைத்துக்கொண்டு குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். தலையணை பக்கத்திலேயே கிடந்தது. அவனுக்குத் தூங்க இடம் கிடைத்துவிட்டது. படிப்பைத் தொடர, வேலை தேட, நடந்ததைப் பற்றி மனம் விட்டுப் பேச யாரும் இல்லை. தம்பிக்குச் சட்டம் தருகிற சமூகப் பணியாளரும் ஆலோசகரும் இரண்டு வயது கூடிப்போனதால் இவனுக்குக் கிடையாது.

காப்பகம் கிடைக்காமல் கைக்காசும் தீர்ந்து ஒருவரிடம் கை நீட்டினால் 1945ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் ஏட்டில் இருக்கிறது. 2018இல் டெல்லி உயர் நீதிமன்றம், டெல்லியில் நடைமுறையில் இருந்த இதே மாதிரியான சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை அரசமைப்புக்கு எதிரானவை என்று ரத்து செய்தது. பிழைக்க வழி செய்து தராத அரசு, பிழைக்கக் கை நீட்டியவரைத் தண்டிப்பது எப்படி நியாயம் என்பதுதான் அடிப்படைக் கேள்வி. அந்தத் தீர்ப்பு டெல்லிக்குத்தான் பொருந்தும். நம் சட்டத்தை நாம்தான் மாற்ற வேண்டும், மாற்றவும் வேண்டும்.

ஒன்றே ஒன்றில் மட்டும் அரசு அண்ணனைத் தேடி வருகிறது. வாக்காளர் பட்டியலில் சேர அவன் விண்ணப்பித்தால், அவன் சொன்ன இடத்தில் உண்மையிலேயே படுத்துத் தூங்குகிறானா என்று பார்க்க வாக்குச்சாவடி நிலை அலுவலர் ராத்திரியில் வர வேண்டும். ஒரு நாள் மட்டும் வந்தால் போதாது. வந்து பார்த்துவிட்டால் முகவரிச் சான்று கேட்கக் கூடாது. தேர்தல் ஆணையத்தின் நடைமுறை இது. வீடில்லாத ஒருவரை அவர் இருக்கும் இடத்துக்கே போய்ப் பார்ப்பது அரசால் முடியாத காரியம் என்று யாராவது சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன்.

பதினெட்டு நிறையும் நாள்

தம்பி இல்லத்தில் இருக்கிறான், அவனுக்கும் 18 நிறைகிறது. அன்றோடு இல்லத்தை விட்டுக் கிளம்ப வேண்டும். வீடு இருக்கிற பிள்ளைகளிலேயே எத்தனை பேர் 18 வயதில் தனியாக வாழ்ந்துவிட முடியும்? இதை உணர்ந்துதான் சட்டத்தில் பின்தொடர் பராமரிப்பு என்ற ஏற்பாடு இருக்கிறது. இல்லத்திலிருந்து வெளியேறியவர்களுக்கு 21 வயது வரை, தவிர்க்க முடியாத நிலையில் 23 வரை உதவலாம். ஆறு முதல் எட்டுப் பேர் சேர்ந்து தங்கும் வீடு, படிக்கும்போதும் தொழில் பழகும்போதும் உதவித்தொகை, வேலைக்கு வழிகாட்டல், சொந்தத் தொழிலுக்குக் கடன், பேசுவதற்கு ஓர் ஆலோசகர் என்று இந்தச் சட்டத்துக்காக மத்திய அரசு 2016இல் வகுத்த மாதிரி விதிகள் நல்ல பட்டியலே தருகின்றன. மிஷன் வாத்சல்யாவில் இதற்கும் மாதம் 4,000 ரூபாய் உண்டு.

இதில் இரண்டு ஓட்டைகள். முதலாவது ஒரு சொல். சட்டத்தின் 46ஆம் பிரிவு, இல்லத்தை விட்டு வெளியேறுபவருக்கு நிதி உதவி ‘வழங்கலாம்’ என்கிறது. ‘வழங்க வேண்டும்’ என்று சொல்லவில்லை. வழங்கலாம் என்றால் வழங்காமலும் இருக்கலாம். திட்டம் தயாரிக்க வேண்டியது மாநிலத்தின் கடமை என்று விதிகள் சொல்கின்றன. ஆனால் ‘எனக்குக் கொடு’ என்று ஒரு பிள்ளை கேட்கும்போது பிடித்துக்கொள்ள அவனுக்குக் கிடைப்பது இந்த ‘லாம்’தான்.

இரண்டாவது ஓட்டை இன்னும் பெரியது. பின்தொடர் பராமரிப்பு இல்லத்தில் இருந்தவர்களுக்கு மட்டும்தான். அண்ணன் எந்த இல்லத்திலும் இருந்ததில்லை. 19 வரை அடியைப் பொறுத்துக்கொண்டு, தம்பியை விட்டுவிட்டுப் போக மனமில்லாமல் வீட்டிலேயே இருந்தவன். அப்படி இருந்ததாலேயே அவனுக்கு எதுவும் இல்லை. இந்த ஒரு நிபந்தனையை எடுத்துவிட்டால் போதும், 18க்கும் 23க்கும் இடையே வீடில்லாமல் நிற்கும் எத்தனையோ பேர் உள்ளே வந்துவிடலாம். இதற்குப் புதிய துறையோ புதிய அலுவலகமோ தேவையில்லை. பெரும்பாலான ஏற்பாடுகள் ஏற்கெனவே காகிதத்தில் இருக்கின்றன.

அண்ணனுக்குப் பதில் அக்காவாக இருந்தால் நிலைமை கொஞ்சம் வேறு. 181 என்ற பெண்கள் உதவி எண்ணும், ஒருங்கிணைந்த சேவை மையத்தில் ஐந்து நாள் வரை தற்காலிகத் தங்கலும், அதற்கு மேல் தங்க, ஆதரவில்லாத பெண்களுக்கான சக்தி சதன் இல்லமும் உண்டு. திருநர் பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்து விரட்டப்படுவது இன்னும் சாதாரணமாக நடக்கிறது. திருநர் என்ற காரணத்துக்காக ஒரு பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கக் கூடாது என்கிறது 2019ஆம் ஆண்டுச் சட்டம். திருநருக்கென்றே மத்திய அரசின் கரிமா கிரஹ் காப்பகங்களும் இருக்கின்றன. 2021இல் சென்னை உயர் நீதிமன்றம், பால்புதுமையினரும் (தன்பாலீர்ப்பாளர்கள், திருநர் போன்றோர்) தங்கும்படி காப்பகங்களைத் தயார் செய்யச் சொன்னது. அவர்களில் பலர் வீட்டை விட்டு வருவது 18க்கு முன்னும் பின்னுமான அந்த வயதில்தான்.

உங்கள் கண்ணில் இப்படி ஒரு பிள்ளை பட்டால், குழந்தைகள் உதவி எண் 1098க்குச் சொல்லுங்கள். இந்த எண் 1996இல் மும்பையில் தொடங்கியது. 2023இலிருந்து அரசே நேரடியாக நடத்துகிறது. தனியாகத் திரியும் பிள்ளையை யாராவது தன் பொறுப்பில் வைத்துக்கொண்டால், நல்ல எண்ணத்தில் டீக்கடையில் வேலை கொடுத்து வைத்துக்கொண்டாலும்கூட, 24 மணி நேரத்துக்குள் 1098க்கோ போலீசுக்கோ குழந்தைகள் நலக் குழுவுக்கோ சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் ஆறு மாதம் வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வயது பார்த்தால் 18 தாண்டியிருக்கும் போலத் தெரிந்தாலும் போன் பண்ணுங்கள். வயதைத் தீர்மானிப்பது உங்கள் வேலை இல்லை.

கடைசியாக ஒன்று. பிள்ளையைப் பெற்றோரிடம் மட்டும்தான் ஒப்படைக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. பாதுகாவலரிடமோ, தகுதியானவர் என்று குழு ஏற்றுக்கொண்ட ஒருவரிடமோ விடலாம். அண்ணன் மேஜர். தம்பி மேல் உயிரையே வைத்திருப்பவன். வாடகைக்கு ஒரு அறையும் நிலையான ஒரு வேலையும் இருந்தால், தம்பியை அவனிடம் விடலாமா என்று குழு யோசிக்க இடமுண்டு. பார்வையாளர் நாளில் அவன் ஒரு பிஸ்கட் பாக்கெட்டோடு வந்து நிற்கும்போது, உறுப்பினர் அவனிடம் கேட்கப்போகும் கேள்வி ஒன்றுதான்: “நீ எங்கப்பா தங்கியிருக்கே?”